தொந்தரவில்லாத காட்சி

வேலாங்கரட்டில் காட்டுப்பன்றி சுட அனுமதி வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். பன்றிகள் அவர்களுடைய துப்பாக்கிக்குப் பயந்ததைவிட, ஊர் அவர்களுடைய பேச்சுக்கு அதிகம் பயந்தது.

ஒருவர் தெய்வசிகாமணி. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் முதலாளி. பூமிக்குள் ஆயிரம் அடி ஓட்டை போட்டுத் தண்ணீர் வராவிட்டாலும் கூலியைக் குறைக்காதவர். மற்றவர் குப்புராஜ் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்தே ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். பன்றிகள் மரவள்ளிக் கிழங்குத் தோட்டங்களை உழுதுபோட ஆரம்பித்து, வனத்துறையால் சமாளிக்க முடியாமல், சுடுகிற வேலையை அரசாங்கம் உள்ளூர் ஆட்களிடம் விட்டபோது, இந்த இரண்டு பேருக்கும் திடீரென்று ஒரு மரியாதை வந்துவிட்டது. வந்த மரியாதையை வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்து பேக்கரியில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள்.

சண்டை, துப்பாக்கியின் மேல் பொருத்திக் குறி பார்க்கும் ஸ்கோப்பைப் பற்றியது. வாத்தியாரின் துப்பாக்கியில் இருந்தது பழைய கண்ணாடி ஸ்கோப். தெய்வசிகாமணியிடம் இருந்தது ‘கூர்விழி’ என்ற டிஜிட்டல் ஸ்கோப்.

“பொழுது உளுந்த பொறகு உங்க கண்ணாடில என்னங்க தெரியும் வாத்தியாரே? கண்ண மூடிக்கிட்டா என்ன தெரியுமோ அதுதான தெரியும்” என்பார் தெய்வசிகாமணி.

“எனக்குத் தெரியறது அங்க இருக்கறது. உனக்குத் தெரியறது பேட்டரி காட்டறது. உம்பட மெசினு கொஞ்சூண்டு வெளிச்சத்தையும் உடம்புச் சூட்டையும் வெச்சுக்கிட்டு, மிச்சத்த அதுவே வரைஞ்சு காட்டுது. அது ஸ்கோப்பு இல்ல சிகாமணி, சினிமா.”

“சினிமான்னாலும் பன்னி சாவுதுங்களே. உங்க கண்ணாடில பன்னி உங்களப் பார்த்துச் சிரிச்சுப் போட்டு இல்ல போவுது.”

“சிரிக்கறதாவது எனக்குத் தெரியுதே.”

பேக்கரியில் பன் தின்றுகொண்டிருந்தவர்கள் இந்த விவாதத்தை மழைக்காலத்து ஈயைப்போலச் சகித்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் தம் வாழ்நாளில் ஒரு குச்சிக்கிழங்கு நட்டவர்கள் இல்லை. கிழங்கு போன வயிற்றெரிச்சல் நட்டவர்களுக்கு. வேட்டைக்காரன் என்ற பெயர் இவர்களுக்கு.

சுடுவதற்கு ஊரில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. தோட்டத்துக்காரர் வரப்பில் நின்று துண்டை ஆட்டினால்தான் துப்பாக்கியை எடுக்க வேண்டும். ஆட்டியபிறகு அவர் வரப்பு வழியாக பம்புசெட் வரை நடந்து ஒதுங்குவார். அதுவரை காவல் பரண்மேல் துப்பாக்கியோடு இருப்பவர் ஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். நல்ல கட்டுப்பாடுதான். மனிதர்கள் கண்ணால் பார்ப்பார்கள் என்று நம்பிச் செய்த கட்டுப்பாடு.

தெய்வசிகாமணிக்கு ஆரம்பத்திலேயே ஒரு அவமானம் நேர்ந்திருந்தது. கூர்விழி வாங்கிய புதிதில் ஒரு தாய்ப்பன்றி குட்டிகளோடு வந்தது. கூர்விழி அந்தக் குட்டிகளின் முதுகுக் கோடுகளைக்கூட விடாமல் வரைந்து காட்டியது. ஒரு குட்டி தாயின் காலடியில் படுத்துப் புரண்டது. தெய்வசிகாமணியின் கை நடுங்கியது, பன்றி போய்விட்டது. மறுநாள் பேக்கரியில் வாத்தியார், “நேத்து சிகாமணி பரண்மேல பிரசவ ஆஸ்பத்திரி வெச்சிருந்தானாமா” என்று சொல்ல, வாழ்க்கையிலேயே சிரித்தறியாத பேக்கரிக்காரர்கூடச் சிரித்தார்.

அன்றே அவர் கூர்விழியின் அமைப்புகளைத் தோண்டினார். ஓரிடத்தில் அது சுத்தமான தமிழில், மிகப் பணிவாகக் கேட்டது: ‘உங்களைத் தயங்க வைப்பவற்றைக் காட்சியிலிருந்து மறைக்கட்டுமா?’ அவர் ‘ஆம்’ என்று தொட்டார். மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிக்கொள்ளச் சொன்னது. கட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு குட்டிகள் வரவில்லை. அதாவது வந்தன, தெரியவில்லை. தெய்வசிகாமணி வரிசையாகப் பன்றிகளைச் சாய்த்தார். சாய்ந்த பன்றியைப் பார்க்க வெளிச்சத்தோடு போகும்போது அருகில் குட்டிகள் நின்றால், அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. இன்னொரு நன்மையும் நடந்தது. தோட்டத்துக்காரர்கள் சுறுசுறுப்பாகிவிட்டார்கள். முன்பெல்லாம் துண்டை ஆட்டிவிட்டு ஆடி அசைந்து போவார்கள். அவர் விசையில் விரலை வைத்துக்கொண்டு வியர்த்துப்போய்க் காத்திருப்பார். இப்போது துண்டை ஆட்டியதும் ஸ்கோப்பில் கண்ணை வைத்தால் வரப்பு காலி. ஊர்க்காரர்களுக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று அவர் மனதுக்குள் பாராட்டிக்கொண்டார்.

பன்றி வராமல் சலிப்பான நேரங்களில், தோட்டத்தின் மறுமூலைப் பரணில் உட்கார்ந்திருக்கும் வாத்தியாரைக் கூர்விழியில் பெரிதாக்கிப் பார்ப்பது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. வாத்தியார் காது குடைவது, கொட்டாவி விடுவது, வெற்றிலைச் சாற்றை வேட்டியில் துடைப்பது எல்லாம் தெரியும். ஸ்கோப் துப்பாக்கியின் மேல்தான் இருந்தது என்பதால் குறியும் வாத்தியாரின் நெஞ்சில்தான் இருக்கும். அதை அவர் பெரிதாக நினைக்கவில்லை.

மாசி மாதத்தில் நாச்சிமுத்துவின் தோட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். நாச்சிமுத்து, தெய்வசிகாமணியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். பள்ளிக்கூடத்தில் தெய்வசிகாமணி பென்சில் கொண்டுவராத நாளெல்லாம் தன்னுடையதை ஒடித்துப் பாதி கொடுத்தவர். இப்போது முழங்கால் தேய்ந்து, வரப்பில் மெதுவாகத்தான் நடப்பார்.

“சிகாமணி, சாயங்காலமே வந்துரு. உனக்குப் புடிச்ச கம்மஞ்சோறு ஆக்கச் சொல்லியிருக்கறேன்” என்று போனில் சொல்லியிருந்தார். வந்தவர்களுக்கு அவர் மனைவி பழனாத்தாள் மோர் கொடுத்தாள். சோறு வேட்டைக்குப் பிறகு என்று பேச்சு.

பொழுது சாய்ந்து, கரட்டுக் குன்றின் நிழல் தோட்டத்தை மூடிய நேரம். கிழங்குச் செடிகளுக்குள் சலசலப்பு கேட்டது. நாச்சிமுத்து வரப்பில் எழுந்து நின்று துண்டை ஆட்டினார். வெறும் கண்ணுக்கு வெள்ளைத் துண்டு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. தெய்வசிகாமணி ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். வரப்பு காலி. வரப்புக்கு அப்பால், செடிகளுக்கு நடுவே ஒரு பெரிய ஆண்பன்றி, பகலில் நிற்பதுபோல் நின்றது. வடமூலையில் வாத்தியார் பரண்மேல் எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டுவதும் பளிச்சென்று தெரிந்தது.

“டேய், இருடா சிகாமணி, இரு, இரு” என்று வாத்தியார் கத்தினார்.

பொறாமை என்று தெய்வசிகாமணி நினைத்தார். தன் கண்ணாடியில் எதுவும் தெரியாமல் அடுத்தவன் பன்றியைக் கலைக்கப் பார்க்கிறான் கிழவன். நல்லவேளையாக அவருக்குக் கை நடுங்கவில்லை. விசையை அழுத்தினார்.

பன்றி ஓடிவிட்டது. வரப்பில் கிடந்தது நாச்சிமுத்து. துண்டு கையிலேயே இருந்தது.

விசாரணையை வட்டாட்சியர் அலுவலகத்துக் கூட்ட அறையில் வைத்தார்கள். கோட்டாட்சியர் அம்மாள் நடுவில் உட்கார்ந்தார். சுவரில் பெரிய திரை. கூர்விழி பதிவு செய்து வைத்திருந்த காட்சியைப் போட்டார்கள். அதைப்போல ஒரு சாட்சியை யாரும் பார்த்ததில்லை. அத்தனை தெளிவு. தோட்டம், பன்றி, காலியான வரப்பு. கடைசி நொடிவரை வரப்பில் ஒரு ஆளும் இல்லை.

“இறந்தவர் எங்கேயோ இருந்து திடீரென்று குறுக்கே பாய்ந்திருக்கிறார். அல்லது செடிக்குள் படுத்திருந்து எழுந்திருக்கிறார். குடித்திருந்தாரா என்பதும் விசாரிக்க வேண்டிய விஷயம்” என்றார் தெய்வசிகாமணியின் வக்கீல்.

“எம்பட ஊட்டுக்காரருக்கு நடக்கறதே கஷ்டமுங்க. பாயறதுக்கு எங்கீங்க போறாரு?” என்றாள் பழனாத்தாள். “அவரு துண்ட ஆட்டிப்போட்டு வரப்புலதான் நடந்தாரு. நானு பம்புசெட்டுல இருந்து பார்த்துக்கிட்டுத்தானுங்க இருந்தேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க. அவரு நிக்க வேண்டிய எடத்துலதான் நின்னாருன்னு எழுதுங்க.”

வாத்தியாரும் அதையே சொன்னார். “வரப்புல ஆள் இருந்துது. எங்கண்ணாடில துண்டு தெரிஞ்சுது, கையும் தெரிஞ்சுது. அதனாலதான் கத்துனேன்.”

வக்கீல் எழுந்தார். “வாத்தியார் ஐயாவுக்குக் கண்புரை ஆபரேஷன் எப்போது நடந்தது?”

அறையில் சிலர் சிரித்தார்கள். பேக்கரியில் வாத்தியாரிடம் வருஷக்கணக்காகக் காதைக் கொடுத்தவர்களுக்கு அது ஒரு சின்னப் பழிவாங்கல்.

“அந்த மெசினு ஆளுகளக் காட்டாதுங்க. அது இஷ்டத்துக்கு வரையும்” என்றார் வாத்தியார்.

“ஆளைக் காட்டாதா? அப்படியென்றால் இது யார்?” என்று வக்கீல் காட்சியை நிறுத்தினார். திரையின் மூலையில் வாத்தியார் பரண்மேல் நின்று கைகளை ஆட்டிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் இருந்த பேனாகூடத் தெரிந்தது. “அவ்வளவு தூரத்தில் இருக்கும் இவரைக் காட்டிய கருவி, பக்கத்தில் வரப்பில் நின்றவரைக் காட்டாமல் விடுமா?”

வாழ்க்கையில் முதல்முறையாக வாத்தியார் வாயை மூடிக்கொண்டார். தெய்வசிகாமணியின் வாக்குமூலத்தை அடுத்த வாரம் வாங்கிக்கொண்டு முடித்துவிடலாம் என்று கோட்டாட்சியர் அம்மாள் சொன்னார். முடிவு எப்படிப் போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

தெய்வசிகாமணி தப்பித்துவிட்டார். ஆனால் அவருக்கு அது போதவில்லை. பேக்கரிக்கு அவர் வந்தால் பெஞ்சு காலியாயிற்று. நாச்சிமுத்து வீட்டுக் காரியத்துக்குப் போனபோது பழனாத்தாள் அவரைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். சாப்பிடாத கம்மஞ்சோறு அவருக்கு நினைவு வந்துகொண்டே இருந்தது. உண்மையாகவே துக்கப்பட்டார். அந்தத் துக்கத்தை யாரும் பார்க்கவில்லையே என்று அதைவிட அதிகமாகத் துக்கப்பட்டார்.

பதிவை நகல் எடுத்துக்கொண்டு ஸ்கோப்பை அவரிடமே திருப்பிக் கொடுத்திருந்தார்கள். கோயம்புத்தூரில் அதை விற்ற கடையிலிருந்து சர்வீஸ் ஆளை வரவழைத்தார். பெயர் தருண். வழுவழுப்பான பையுடன் வந்து, கூர்விழியைக் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்தவனுக்கு முகம் மாறியது.

“சார், தொந்தரவில்லாத காட்சி ஆன்ல இருக்கு.”

“ஆமா. குட்டிக தெரியக்கூடாதுன்னு போட்டேன்.”

“குட்டின்னு அதுக்குத் தெரியாது சார். உங்க மணிக்கட்டுல நாடி துடிக்கறது கூடுதா, விரல் விசைய விட்டுப் பின்னால வருதான்னு மட்டும்தான் பார்க்கும். எதைப் பார்த்துத் தயங்கறீங்களோ அதை எடுத்துட்டு, பின்னால இருக்கறதை வரைஞ்சு வைக்கும். வாடிக்கையாளருங்க விரும்பிக் கேட்ட வசதி சார் இது.”

“மனுசனையுமா?”

“நீங்க ஒவ்வொரு தடவையும் தோட்டக்காரர் போற வரைக்கும் விசையில விரலை வெச்சுக்கிட்டுக் காத்திருந்திருக்கீங்க. நாடி எகிறியிருக்கு. அது கத்துக்கிச்சு. இப்போ பொதுவா மனுசங்களையே எடுத்துடும். அப்புறம் ஆள் ஆளாவும் பார்த்துக்கும். ஒருத்தர் மேல குறி இருக்கும்போது நாடி சீராவே இருந்தா, இவரால தொந்தரவில்லைன்னு திருப்பிக் காட்ட ஆரம்பிச்சுடும்…”

பின்பாதி அவர் காதில் விழவில்லை. அவர் முன்பாதியிலேயே நின்றுவிட்டார். நாச்சிமுத்துவைப் பார்த்துத் தன் நெஞ்சு பதறியிருக்கிறது. பதறியதால்தான் அவர் மறைந்தார். அப்படியென்றால் கொன்றது தன் கை இல்லை. தன் இரக்கத்தை ஒரு இயந்திரம் தப்பாகப் புரிந்துகொண்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. அதில் பாதி நாச்சிமுத்துவுக்கு, பாதி தன் நல்ல மனசுக்கு.

ஸ்கோப்பை எடுத்து, பட்டையைக் கட்டிக்கொண்டு அதன் வழியாக வாசலைப் பார்த்தார். வாசலில் தருணின் மோட்டார் சைக்கிள் இருந்தது. அதன்மேல் கையை ஊன்றி நின்ற ரிக் வண்டி டிரைவர் இல்லை. பால்காரர் இல்லை. தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி சுலோச்சனா இல்லை.

“சுலோச்சனா, நீ இதுல தெரியறதே இல்ல” என்றார். அன்பின் அத்தாட்சியை அவளிடம் நீட்டுவதுபோல இருந்தது அவருக்கு.

“கல்யாணமான நாள்ல இருந்தே அப்பிடித்தானுங்க” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த தென்னைக்குப் போனாள்.

“விசாரணையில இதைச் சொல்லப்போறேன்” என்றார் தருணிடம்.

“சார், வேண்டாம். கேஸ் உங்க பக்கம்தான் இருக்கு. எதுக்கு வீணா?”

“என்னப் பத்தி ஊருக்குத் தெரியோணுமில்ல.”

அடுத்த விசாரணைக்கு அவர் வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். வக்கீல் காதோரம் எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. அறை நிறைய ஊர் ஜனம். கூர்விழியை மட்டும் கையோடு கொண்டுவந்திருந்தார். அதைத் திரையோடு இணைக்க அனுமதி வாங்கினார். மணிக்கட்டில் பட்டையைக் கட்டிக்கொண்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார்.

“அம்மா, நாச்சிமுத்து வரப்புலதானுங்க நின்னான். அவம்மேல ஒரு தப்பும் இல்ல. எனக்குத்தான் தெரியல. ஏன் தெரியலைன்னா, நானு ஆளுகளப் பார்த்தா தயங்கற சுபாவமுங்க. இந்த மெசினு, நானு யாரப் பார்த்துத் தயங்கறனோ அவங்கள மறைச்சுப்போடுது. என்னோட மனசு அப்பிடி. நீங்களே பாருங்க.”

ஸ்கோப்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். திரையில் மேடை வந்தது. மேசை இருந்தது, கோப்புகள் இருந்தன, தண்ணீர் பாட்டில் இருந்தது. கோட்டாட்சியர் அம்மாள் இல்லை. நாற்காலியின் முதுகுத்துணியில் இருந்த சுருக்கங்களைக்கூட அது அக்கறையோடு வரைந்திருந்தது. அந்த அம்மாள் தன் கையைத் தூக்கிப் பார்த்தார். திரையில் எதுவும் அசையவில்லை.

அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தெய்வசிகாமணி ஸ்கோப்பை மெதுவாகத் திருப்பினார். முதல் வரிசை நாற்காலிகள், எல்லாம் காலி. அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த பழனாத்தாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நானு எங்கீங்க?” என்றாள் சின்னக் குரலில். பிறகு அவளுக்குப் புரிந்தது. “அப்ப அவரும் இப்பிடித்தான் நின்னிருக்கறாரு” என்றாள். கோட்டாட்சியர் அம்மாளைப் பார்த்து, “இப்ப எழுதுவீங்களா?” என்று கேட்டாள்.

“எழுதுகிறேன் அம்மா” என்றார் அவர். எழுதினார்.

அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் தெய்வசிகாமணி நல்லவராகவே வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் அறையின் அமைதி அவருக்கு இனித்தது. ஊரையே தான் எவ்வளவு நேசிக்கிறேன் என்பதை ஊருக்கு முழுதாகக் காட்டிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. இரண்டாவது வரிசைக்குப் போனார்: காலி. பேக்கரிக்காரர் இருந்த இடம் காலி. தன் மனைவி இருந்த இடம் காலி. ஜன்னலோரம் நின்ற ஜனமெல்லாம் போய் வெறும் சுவர்.

கடைசி வரிசைக்கு வந்தார்.

நீளமான காலி வரிசையின் நடுவே ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் பேனா. கன்னத்தில் இரண்டு நாள் தாடி, வெள்ளை வெள்ளையாக, எண்ணிவிடலாம் போல. அவர் நெஞ்சைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் தானாக வந்து உட்கார்ந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டே சொற்கள் தெரிந்தன: நாடி சீர்.

தருண் பாதியில் விட்ட பேச்சு இப்போதுதான் தெய்வசிகாமணியின் காதுக்கு வந்து சேர்ந்தது. கூட்டத்தில் இருந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தன்னைத் தயங்க வைப்பவர்களை அது மறைக்கும் என்று அவரே இப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். வரப்பில் நின்ற ஆளை மறைத்த காட்சியில் வாத்தியார் மட்டும் எப்படித் தெரிந்தார் என்று போன வாரம் கேட்ட வக்கீல், குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். ஜனம் ஒவ்வொருவராகத் திரும்பி, திரையில் இருந்த வாத்தியாரை விட்டுவிட்டு, நாற்காலியில் இருந்த வாத்தியாரைப் பார்த்தது.

ஸ்கோப்பை இறக்கிவிட வேண்டும் என்று தெய்வசிகாமணி நினைத்தார். கை அப்படியே நின்றது. நடுங்கியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அது நடுங்கவே இல்லை.

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டார். திரையில் இருந்த தன்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தெளிவா இருக்குது சிகாமணி” என்றார். “எங்கண்ணாடில உன்ன இத்தன தெளிவா நானு பார்த்ததே இல்ல.”

எழுந்து, பழனாத்தாளிடம் போய், “வா கண்ணு, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றார். இருவரும் நடந்து போனார்கள். தெய்வசிகாமணியின் கையில் ஸ்கோப்பும் கூடவே திரும்பியது. திரையில் வாத்தியார் மட்டும் போனார், வாசல்வரை, பச்சைக் கட்டத்தோடு.